பரணில் கிடக்கும் கல்நார்: அள்ளிப் போடுவதா, அப்படியே விடுவதா?

கேள்வியின் சுருக்கம் இது. 1960-களில் கட்டிய வீட்டை வாங்கிக் குடியேறி நான்கு மாதம் ஆகிறது. கூரைக்கடியில் உள்ள பரணில், மரச்சட்டங்களுக்கு நடுவே சாம்பலும் தங்கமும் கலந்த நிறத்தில் பளபளக்கும் துகள்கள் கொட்டிக் கிடக்கின்றன. கீழ்த்தளத்தில் பாய்லரிலிருந்து போகும் குழாய்களின் மேல் மாவுக்கட்டு போட்டதுபோல் வெள்ளை உறை, ஓரிடத்தில் கிழிந்திருக்கிறது. போன வாரம் கணவனும் மனைவியும் பரணின் ஒரு மூலையைப் பெருக்கி, துகள்களை ஒரு பையில் அள்ளி வைத்திருக்கிறார்கள். எட்டு வயது மகளும் கூட இருந்தாள். அப்புறம்தான் ஒருவர் "அது ஆஸ்பெஸ்டாஸாக, அதாவது கல்நாராக, இருக்கலாமே" என்றிருக்கிறார். அவர்கள் கேட்பது: எங்கள் மூவருக்கும் ஆபத்தா? எல்லாவற்றையும் உடனே அள்ளி வெளியே போட்டுவிடலாமா? அடுத்த வாரம் எலக்ட்ரீஷியன் பரணில் வயர் இழுக்க வருகிறார், அவரை வரச் சொல்லலாமா?

முதலில் அந்த எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்து, பரண் வேலை இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏன் என்பதையும் சொல்லுங்கள். அதைச் செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள், ஏனென்றால் நீங்கள் கேட்ட மூன்றில் அவசரம் இது ஒன்றுதான். வயர் இழுக்கிறவர் அந்தத் துகள்களுக்கு நடுவே மண்டியிட்டு, கையால் விலக்கிக்கொண்டே ஊர்ந்து போவார். உங்கள் அரை மணி நேரப் பெருக்கலைவிட அவருடைய ஒரு நாள் வேலை கிளப்பும் தூசி பல மடங்கு. அதோடு, இந்தப் பரண் உங்களுக்கு ஒன்றே ஒன்று. அவருக்கோ இது வருடம் முழுக்க ஏறி இறங்கும் எத்தனையோ பரண்களில் ஒன்று.

மற்ற இரண்டுக்கும் நேரடியாகவே சொல்கிறேன். அந்த ஒரு நாளால் உங்களில் ஒருவருக்கு நோய் வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. எல்லாவற்றையும் நீங்களே அள்ளி வெளியே போடுவது மட்டும் கூடவே கூடாது. பழைய வீடுகளை ஆய்வு செய்யும் வேலையில் நான் பல வருடங்கள் இருந்தேன். கல்நார் இருப்பது தெரியாமலே முப்பது வருடம் குடியிருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தெரிந்தவுடன் பயந்துபோய், விடுமுறை நாளில் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பிய்த்துப் போட்ட வீடுகளையும் பார்த்திருக்கிறேன். தூசி மோசமாக இருந்தது இரண்டாவது வகை வீடுகளில்தான்.

ஏன் அப்படி என்பது புரிந்துவிட்டால் மற்ற முடிவுகளை நீங்களே எடுத்துவிடலாம். ஆஸ்பெஸ்டாஸ் என்பது 'அணையாதது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல். தமிழில் நாம் வைத்திருக்கும் பெயர் இன்னும் துல்லியம்: கல்நார். கல்தான், ஆனால் வாழைநார்போல உரியும். உரித்த நாரை மறுபடி உரித்தால் இன்னும் மெல்லிய நார் வரும், அதையும் உரிக்கலாம். கல்நாரில் வெள்ளை, பழுப்பு, நீலம் என்று வகைகள் உண்டு; வெள்ளைக் கல்நாரின் கடைசி இழை தலைமுடியைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் மெல்லியது. சாதாரணக் கல்லை இடித்தால் பொடியாகிக் கீழே விழும். இது இடிக்க இடிக்க மெலிந்து, கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதக்கும். ஆள் நடமாட்டமில்லாத அறையில்கூடத் தரையில் படிய மணிக்கணக்கில் ஆகும், சில நேரம் நாள் கணக்கிலும் ஆகும். வாசனை கிடையாது, தும்மல் வராது, கண் எரியாது. உடம்பு எச்சரிக்கை எதுவும் தராது.

மூச்சோடு உள்ளே போகும் தூசியில் பெரும்பகுதியைச் சளி பிடித்து வெளியே தள்ளிவிடும். ஆனால் மெல்லிய, நீண்ட இழை நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய்விடுகிறது. அங்கே காவலுக்கு இருக்கும் வெள்ளணுக்கள் அதை விழுங்கப் பார்க்கும். இழை அந்த அணுவைவிட நீளமாக இருப்பதால் முழுசாக விழுங்க முடியாது; பாதி விழுங்கிய நிலையில் அணு சிதைந்து, தன்னிடமுள்ள அரிக்கும் பொருள்களைச் சுற்றிலும் சிந்துகிறது. இழை அப்படியே இருக்கும், அடுத்த அணு வரும். இப்படி ஆறாத ஒரு புண் வருடக்கணக்கில் நீடிப்பதுதான் எல்லா நோய்க்கும் அடி. நுரையீரல் தழும்பேறி இறுகிப்போவது ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் புற்றுநோய் இன்னொன்று. நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் மூன்றாவது. அது வந்தால் பெரும்பாலும் கல்நார்தான் காரணம். முதலில் சுவாசித்ததற்கும் நோய் தெரிவதற்கும் இடையே பொதுவாக 20 முதல் 50 வருடங்கள். இந்த இடைவெளிதான் பல தலைமுறைகளை ஏமாற்றியது.

சூடு வெளியேறாமல் இருக்க வீட்டில் போடும் வெப்பக் காப்புக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு முதலில் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது அந்தக் காப்பைப் போட்டவர்களின் உடம்பில்தான். நியூயார்க் வட்டாரத்தில் குழாய்க்கும் பாய்லருக்கும் காப்பு சுற்றும் தொழிலாளர்களை இர்விங் செலிகாஃப் என்ற மருத்துவர் ஆராய்ந்தார். 1943-க்கு முன் தொழிலில் சேர்ந்த 632 பேரை எடுத்துக்கொண்டு 1962 வரை என்ன ஆனார்கள் என்று பார்த்தார். அந்த வயதுள்ள அத்தனை பேரில் நுரையீரல், நுரையீரல் உறைப் புற்றுநோயால் ஆறு, ஏழு பேர் இறந்திருக்கலாம் என்பது கணக்கு. இறந்தவர்கள் 45 பேர். 1964-இல் இது வெளிவந்த பிறகு, கல்நார் ஆலைக்குள் இருப்பவர்களின் பிரச்சினை மட்டும்தான் என்று யாரும் சொல்ல முடியவில்லை.

அதற்கு நான்கு வருடம் முன்பே, 1960-இல், தென்னாப்பிரிக்காவின் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியிலிருந்து வாக்னர் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். அதில் சுரங்கத்தில் வேலையே பார்க்காமல் பக்கத்தில் குடியிருந்தவர்களும் இருந்தார்கள். 1965-இல் லண்டனில் நியூஹவுஸ், தாம்ப்சன் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் 76 நோயாளிகளின் கதையைத் தேடிப் போனபோது, ஒன்பது பேருக்குக் கல்நாரோடு இருந்த ஒரே தொடர்பு, வீட்டில் யாரோ ஒருவர் அந்த வேலை பார்த்தார் என்பதுதான். கணவன் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்த தூசியை மனைவி உதறித் துவைத்திருக்கிறார். இந்த ஒரு தகவல் என் மனதை விட்டுப் போனதே இல்லை. எந்த வீட்டில் கல்நார் வேலை நடந்தாலும், செய்கிறவர் போட்டிருந்த உடை எங்கே போகிறது என்று நான் கேட்பது அதனால்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு மகளை நினைத்துக் கலங்க வேண்டாம். செலிகாஃப் பார்த்தவர்கள் தினமும், வருடக்கணக்காக, புகை மண்டலம்போன்ற தூசியில் நின்றவர்கள். துணி துவைத்த பெண்கள்கூட வாரா வாரம், வருடா வருடம் அதைச் சுவாசித்தவர்கள். இந்த நோய்களில் அளவுதான் பேசும்: எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு நேரம், எத்தனை தடவை. இதற்குக் கீழே ஆபத்தே இல்லை என்று எந்த அறிவியல் அமைப்பும் கோடு போட்டுச் சொல்லவில்லை, அதனால் பூச்சியம் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அரை மணி நேரம், ஒரே ஒரு தடவை என்பது அந்த அளவுகோலின் அடிமட்டத்தில் இருக்கிறது. நகரத்துத் தெருக் காற்றிலும் இந்த இழைகள் சிறிதளவு உண்டு. நம் எல்லோருடைய நுரையீரலிலும் சில இருக்கின்றன.

குழந்தை விஷயத்தில் ஒன்று மட்டும் கூடுதல். அவள் முன்னால் இருக்கும் ஆயுள் நீளம் என்பதால் நோய்க்குத் தேவையான அந்த நீண்ட காலம் அவளுக்கு உண்டு. ஒரே அளவு தூசியை 30 வயதில் சுவாசித்தவரைவிட 5 வயதில் சுவாசித்தவருக்கு வாழ்நாளில் மீசோதீலியோமா வரும் வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு என்று பிரிட்டனின் நிபுணர் குழு ஒன்று 2013-இல் கணக்கிட்டது. மிகச் சிறியது ஐந்து மடங்கானாலும் சிறியதுதான். ஆனால் இனிமேல் அவளைப் பரணுக்கும் பாய்லர் பக்கத்துக்கும் விடாமல் இருக்க அது போதுமான காரணம்.

எக்ஸ்ரே எடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். போன வாரம் சுவாசித்தது எந்தப் படத்திலும் தெரியாது. இரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. குழந்தைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தால் பலனில்லாமல் கதிர்வீச்சுதான் மிஞ்சும். நடந்ததைத் தேதியோடு எழுதி வைத்து, அடுத்த முறை குடும்ப மருத்துவரைப் பார்க்கும்போது சொல்லிக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள், போதும். உங்களில் யாராவது புகைப்பிடிப்பவர் என்றால், செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் அதை நிறுத்துவதுதான். 1979-இல் வெளியான இன்னொரு காப்புத் தொழிலாளர் ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து, இரண்டுமே இல்லாதவரைவிட, கல்நார் மட்டும் பட்டவருக்குச் சுமார் 5 மடங்கு, புகை மட்டும் என்றால் 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 50 மடங்குக்கும் மேல். இரண்டும் ஒன்றோடொன்று கூடுவதில்லை, பெருக்கிக்கொள்கின்றன.

சரி, பரணுக்கு வருவோம். நீங்கள் சொல்கிற அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது வெர்மிகுலைட். மைக்காபோல அடுக்கடுக்கான ஒரு கனிமம்; சூடாக்கினால் உள்ளே உள்ள நீர் ஆவியாகி அடுக்குகள் பிரிந்து, புழுபோல நீண்டு உப்பும். லத்தீனில் புழு என்ற சொல்லிலிருந்துதான் பெயரே வந்தது. ஒரு துகளைப் பக்கவாட்டில் பார்த்தால் சின்னப் புத்தகத்தின் தாள்களை அடுக்கியதுபோல் இருக்கும். உள்ளே காற்று இருப்பதால் எடை இல்லை, எரியாது, மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் வேலை முடிந்தது. அதனால்தான் அவ்வளவு வீடுகளுக்குள் போனது.

வெர்மிகுலைட் தன்னளவில் கல்நார் இல்லை. அது தோண்டி எடுக்கப்பட்ட இடம்தான் சிக்கல். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற சிற்றூர். 1919 முதல் 1990 வரை அந்த நாட்டில் விற்ற வெர்மிகுலைட்டில் 70 சதவீதத்துக்கு மேல் அங்கிருந்த ஒரே சுரங்கத்திலிருந்து வந்தது. அந்த மலையில் வெர்மிகுலைட்டோடு சேர்ந்தே, ஆம்ஃபிபோல் என்ற ஊசிபோன்ற கல்நார் வகையும் படிந்திருந்தது. 'சோனோலைட்' என்ற பெயரில் மூட்டை மூட்டையாக அமெரிக்காவிலும் கனடாவிலும் பரண்களில் கொட்டினார்கள். லிபி ஊர்க்காரர்களுக்கு நேர்ந்தது கொடுமை: சுரங்கத் தொழிலாளர்கள் மட்டுமல்ல, அவர்களுடைய மனைவிமார், பிள்ளைகள், வெர்மிகுலைட் குவியலில் விளையாடிய சிறுவர்கள் எல்லோருக்கும் நுரையீரல் நோய். 2009-இல் அமெரிக்க அரசு அந்த ஊருக்குப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது.

வேறு சுரங்கங்களின் வெர்மிகுலைட்டில் இந்தக் கலப்பு இல்லாமலும் இருக்கலாம். ஆனால் பரணில் கிடப்பது எங்கிருந்து வந்தது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. 'அப்படியானால் ஒரு பிடி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாமே' என்று தோன்றும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கலந்திருக்கும் கல்நார் எடையில் மிகச் சிறு பங்கு, அதுவும் ஒரே சீராக இல்லை. கனமான இழைகள் அடியில் போய்த் தங்கியிருக்கும், மேலாக அள்ளிய மாதிரியில் ஒன்றும் இருக்காது. 'இல்லை' என்ற அறிக்கையை நம்பிப் பரணைக் கிளறுகிறவர்கள் அதனால் ஏமாறலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டுக்காரர்களுக்குச் சொல்வதும் இதுதான்: பரணில் வெர்மிகுலைட் இருந்தால் கல்நார் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள், கலைக்காதீர்கள். என் கருத்தும் அதுவே. பரிசோதனைக்குச் செலவழிக்கும் பணத்தைக் கூரை ஓட்டைகளை அடைக்கச் செலவழியுங்கள்.

பரணில் வெர்மிகுலைட்டைவிட மோசமான ஒன்றும் உண்டு: எதனோடும் கலக்காத, பஞ்சுபோன்ற சுத்தக் கல்நார். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 1960-களின் இறுதியிலிருந்து சுமார் பத்து வருடம், 'மிஸ்டர் ஃப்ளஃபி' என்று மக்கள் அழைத்த ஒரு தொழில், பெரும்பாலும் பழுப்புக் கல்நாரைக் குழாய் வழியே கூரைக்குள் ஊதி நிரப்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 1988 முதல் 1993 வரை அரசே பெரிய திட்டம் போட்டு எல்லா வீட்டுக் கூரைகளையும் உறிஞ்சிச் சுத்தம் செய்தது, முடிந்தது என்று எல்லோரும் நம்பினார்கள். இருபது வருடம் கழித்துப் பார்த்தால் சுவர்களின் உள்ளிடைவெளியில், தரைக்கடியில், சில வீடுகளில் அலமாரிக்குள்கூட அதே இழைகள். கடைசியில் 2014-இல் அந்த வீடுகளை அரசு விலைக்கு வாங்கி இடிக்க முடிவு செய்தது. பயிற்சி பெற்றவர்கள், முறையான கருவிகளோடு, வருடக்கணக்கில் செய்த வேலையின் கதி இது. துடைப்பமும் குப்பைப் பையும் வைத்துக்கொண்டு ஒரே நாளில் பரணைக் காலி செய்யலாம் என்று நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

உங்கள் வீட்டில் எனக்கு அதிகம் கவலை தருவது பரண்கூட இல்லை, குழாய்தான். பரணில் கல்நார் கலப்படமாக இருக்கலாம். குழாய் உறையிலோ அதை வேண்டுமென்றே போட்டிருப்பார்கள். மக்னீசியாவோடு கல்நார் இழை கலந்து குழைத்துப் பூசி, மேலே கித்தான் துணி சுற்றி, சுண்ணாம்பு நிறத்தில் வர்ணம் அடிப்பது ஒரு வகை. அட்டைப்பெட்டியின் நெளி அட்டைபோன்ற கல்நார்க் காகிதத்தைக் குழாயைச் சுற்றிப் பல அடுக்காகப் போடுவது இன்னொரு வகை. வெட்டுப்பட்ட ஓரத்தைப் பார்த்தால் நெளிவு தெரியும். வளைவுகளிலும் வால்வுகளிலும் கையால் அப்பிய சாந்து இருக்கும், அதில் கல்நார் அதிகம், முதலில் வெடிப்பதும் அதுதான். இவை எல்லாம் விரலால் அழுத்தினால் உதிரக்கூடிய ரகம். பாய்லரின் அதிர்வும் சூடும் குளிரும் அதை மெல்ல மெல்ல உதிர்த்துக்கொண்டே இருக்கும். பரண் பூட்டிக் கிடக்கும். கீழ்த்தளத்தில் நீங்கள் நடமாடுகிறீர்கள்.

கல்நார் என்றால் பலருக்குச் சட்டென்று நினைவு வருவது சிமென்ட் கூரைத் தகடு. அதில் இழை பத்தில் ஒரு பங்குபோல இருந்தாலும் சிமென்ட் அதை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. அறுக்காமல், துளைக்காமல், உடைக்காமல் விட்டால் அதிகம் வெளியே வராது. ஆனால் மழையிலும் வெயிலிலும் மேற்பரப்பு அரித்துப் பொடிந்த பழைய தகட்டைத் தேய்த்துக் கழுவுவது தவறு. ஆய்வுக்குப் போகும்போது நான் முதலில் மனதுக்குள் கேட்டுக்கொள்வது, இழையை எது பிடித்து வைத்திருக்கிறது என்பதைத்தான். சிமென்டும் வினைல் தரை ஓடும் கெட்டியாகப் பிடித்திருக்கும். தீத்தடுப்புக்காகச் சுவரிலும் கூரையிலும் அடித்த மென்பலகை அதைவிடத் தளர்வு. குழாய் உறை இன்னும் தளர்வு. தெளிப்பானால் அடித்த பூச்சும் கொட்டிய பஞ்சும் கிட்டத்தட்டப் பிடிப்பே இல்லாதவை.

மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ மெத்தைபோல இருப்பது பெரும்பாலும் கண்ணாடி நார், கல்நார் அல்ல. கிழித்த செய்தித்தாள்போல் சாம்பல் நிறத்தில் மெத்தென்று இருப்பது பெரும்பாலும் காகிதக் கூழ். சாம்பல்-பழுப்புப் பஞ்சு மட்டும் குழப்பும்: பாறையை உருக்கி இழைத்த ராக்வூலாகவும் இருக்கலாம், அந்தக் கான்பெரா ரகமாகவும் இருக்கலாம். சந்தேகம் என்றால் தொடாமல் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் கண்ணால் பார்த்து உறுதி சொல்கிறவரை நம்பாதீர்கள். கட்டிய வருடம் ஒரு துப்பு மட்டுமே. பிரிட்டன் நீலத்தையும் பழுப்பையும் 1985-இல் தடை செய்தது, வெள்ளையை 1999-இல். ஆஸ்திரேலியா 2003 கடைசியோடு முழுத் தடை, ஐரோப்பிய ஒன்றியம் 2005, கனடா 2018. இந்தத் தடைகள் எல்லாம் புதிதாகப் போடுவதைத்தான் நிறுத்தின, ஏற்கெனவே சுவருக்குள் இருப்பதை யாரும் வெளியே எடுக்கவில்லை.

இனி செய்ய வேண்டியது. பரணில் அள்ளி வைத்த அந்தப் பை எங்கே இருக்கிறதோ, அங்கேயே அதன்மேல் தெளிப்பானால் தண்ணீரைப் புகைபோல அடியுங்கள். தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் தூசி நன்றாக நனையும். பையை அமுக்கிக் காற்றை வெளியேற்றாமல், மெதுவாக வாயைக் கட்டி, கனமான பாலித்தீன் பை ஒன்றுக்குள் வைத்து டேப் ஒட்டுங்கள். பெருக்கிய துடைப்பத்தையும் அதே மாதிரி நனைத்துக் கட்டிவிடுங்கள். இவை வீட்டுக் குப்பையில் போகக் கூடாது. கல்நார்க் கழிவை எடுக்க அனுமதி பெற்றவர் வரும்போது கொடுக்க வேண்டும். பரண் கதவுக்கு நேர் கீழே உள்ள தரையையும் ஏணியையும் ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கழுவி மறுபடி பயன்படுத்தாமல் அதே பையில் போடுங்கள். சாதாரண வாக்குவம் கிளீனரை மட்டும் எடுக்காதீர்கள். அதன் பை பெரிய தூசியைப் பிடிக்கும், மெல்லிய இழையைப் பின்பக்கமாக அறை முழுக்க ஊதிவிடும். ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால் பையைத் திறக்காமல் இயந்திரத்தையே ஓரமாகக் கட்டி வையுங்கள். அன்று போட்டிருந்த துணிகள் துவைத்தாகிவிட்டன என்றால் அதை நினைத்து வருந்த வேண்டாம். துணி முகமூடியும் மருத்துவமனை முகமூடியும் இந்த வேலைக்கு ஆகாது. பி-3 அல்லது பி-100 வடிகட்டி பொருத்திய, முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் சுவாசக் கவசம்தான் இதற்கு உரியது. அதைப் போட்டுக்கொண்டு பரணில் வேலை செய்யலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பரண் கதவின் ஓரங்களை டேப்பால் மூடுங்கள். கீழே அறைகளில் கூரையை அண்ணாந்து பாருங்கள்: விளக்குப் பொருத்திய இடம், மின்விசிறிக் கொக்கி, விரிசல், பழைய துளை. அங்கேதான் துகள் கீழே கசியும். கீழிருந்தபடியே, துளையைக் கிளறாமல், அடைப்புப் பசையால் அடைத்துவிடலாம். பரணில் சாமான் வைப்பதை நிறுத்துங்கள். ஏற்கெனவே உள்ள பெட்டிகளைக் கீழே இறக்க வேண்டாம், அவற்றின் மேல் படிந்ததும் கூடவே இறங்கும். வீட்டுக் காற்றைப் பரண் பக்கம் இழுக்கும் பெரிய மின்விசிறி இருந்தால் நிறுத்தி வையுங்கள்.

குழாய்க்கு, கல்நார் ஆய்வில் பயிற்சி பெற்ற ஒருவரை அழையுங்கள். அவர் நனைத்து, சிறு துண்டு எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புவார். குழாய் உறையில் கல்நார் பங்கு பெரியது என்பதால் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிந்துவிடும். ஆய்வு செய்கிறவரும் அகற்றுகிறவரும் ஒரே நிறுவனமாக இருக்க வேண்டாம். அகற்றினால்தான் வருமானம் என்றிருக்கிறவருக்கு எல்லாமே அகற்ற வேண்டியதாகத்தான் தெரியும். 'காற்றை அளந்து பார்க்கிறேன், சுத்தமாக இருந்தால் விட்டுவிடலாம்' என்று சிலர் சொல்வார்கள். யாரும் எதையும் தொடாத ஒரு நாளில் எடுத்த அளவு அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேசும்.

உறை பெரும்பாலும் திடமாக இருந்து ஓரிடத்தில் மட்டும் கிழிந்திருந்தால் முழுதாக அகற்ற வேண்டியதில்லை. பயிற்சி பெற்றவர் ஈரப் பசைத் துணி சுற்றி, மேலே மூடும் பூச்சு அடித்துவிட்டால் வருடக்கணக்கில் தாங்கும். வருடம் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள், புகைப்படம் எடுத்து வையுங்கள். பல இடத்தில் உதிர்கிறது, நனைகிறது, அல்லது பாய்லரையே மாற்றப் போகிறீர்கள் என்றால் அகற்றுவதுதான் சரி. பரணுக்கும் இதே கணக்குதான். மேலே எந்த வேலையும் இல்லை என்றால் மூடிவைத்து வாழலாம். கூரையைப் பிரிக்கவோ, மேலே அறை எடுக்கவோ, வயரிங் முழுதும் மாற்றவோ போகிறீர்கள் என்றால், அந்த வேலை தொடங்கும் முன் கல்நாரை எடுத்துவிட வேண்டும். நடுவில் கண்டுபிடித்தால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிடும்: சுவர் பாதி இடிந்து, தூசி வீடு முழுக்கப் பரவியிருக்கும்.

அகற்றும் ஆள்கள் முறையானவர்களா என்று நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வேலை நடக்கும் இடத்தைப் பாலித்தீனால் முழுதாக மூடுவார்கள். மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டி வைத்த இயந்திரம் உள்ளேயிருந்து காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும், பாலித்தீன் உள்பக்கமாக உப்பி நிற்கும். அது தளர்ந்து தொங்கினால் கேள்வி கேளுங்கள். உலர்ந்த பொருளை வெட்ட மாட்டார்கள், நனைத்துத்தான் எடுப்பார்கள். வெளியே வரும்போது உடையை அங்கேயே கழற்றிப் பையில் போட்டு, குளித்துவிட்டு வருவார்கள். முடிந்த பிறகு, அவர்களோடு தொடர்பில்லாத ஒருவர் கண்ணால் சோதித்து, காற்றையும் அளந்து எழுத்தில் தர வேண்டும்; அது கையில் வரும் வரை அந்த இடத்துக்குள் நீங்கள் போக வேண்டாம். பெரிய வேலை என்றால் அந்த நாள்களில் வேறு எங்காவது தங்குவது நல்லது. நாட்டுக்கு நாடு உரிமம், கழிவு விதிகள் மாறும், உள்ளூர் சுற்றுச்சூழல் அல்லது தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பரண் கதவின் கீழ்ப்பக்கத்தில், ஏணியில் ஏறுகிறவர் கண்ணில் படும் இடத்தில், ஒரு காகிதம் ஒட்டுங்கள்: 'உள்ளே வெர்மிகுலைட் உள்ளது. கல்நார் இருக்கலாம். வீட்டுக்காரரைக் கேட்காமல் திறக்க வேண்டாம்.' பாய்லர் பக்கத்திலும் அதே போல ஒன்று. ஆய்வறிக்கை வந்ததும் அதன் நகலை அந்த எலக்ட்ரீஷியனுக்கு அனுப்பி, வயரைப் பரண் வழியாக இல்லாமல் சுவரின் வெளிப்பக்கமாகக் குழாயில் கொண்டுபோக முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் முடியும்.